கோழிக்குப் போட்ட மா

2005 பெப்ரவரி 9, புதன்

நிவாரணத்தில் இன்றும் கோதுமை மாதான். மூன்று பை மூலையில் நிற்கிறது. சவளக்கடையில் ஆசியா உம்மா சாச்சி வீட்டுக்கு வந்து ஆறு கிழமை. புருசனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிய இன்னும் பன்னிரண்டு கிழமை இருக்கிறது, அதுவரை வாசல் தாண்டக் கூடாது.

மகள் ஸப்னா இன்றும் சோறு தின்னவில்லை. மீன் தொடாததை நான் குறை சொல்லமாட்டேன். கடல் வந்த நாளிலிருந்து நானும் தொடுவதில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை வெறும் தேத்தண்ணியில் எத்தனை நாள் இருக்கும்? என்ன வேணும் என்று கேட்டால் ஒரே பதில்: "வாப்பாட பண்."

அவள் வாப்பா மீராமுகைதீன் கல்முனையில் பேக்கரியில் மா பிசைந்த மனுசன். கடல் பேக்கரியையும் கொண்டுபோனது, அவரையும். பத்து வருசம் அவரோடு குடும்பம் நடத்தினேன். பண் எப்படிப் பொங்குது என்று ஒருநாளாவது கேட்டேனா? தின்னத்தான் தெரியும்.

பெப்ரவரி 12

பண் பொங்க மாவுக்கு அப்பச்சோடா போட்டேன். சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டுச் சுட்டது. மஞ்சள் நிறம், சவுக்கார ருசி. ஸப்னா நக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தாள்.

பெப்ரவரி 20

சாச்சி பேக்கிங் பவுடர் வாங்கி வந்தா. நன்றாகப் பொங்கியது, பெருமைப்பட்டேன். ஸப்னா பிய்த்துப் பார்த்தாள். "இது கேக். பண் இழுபடும்."

அன்னப்பிள்ளை அக்கா இரண்டு துண்டு தின்றா. பெரியநீலாவணையில் அவ வீடும் போனது. இப்போது பக்கத்து வளவில் சொந்தக்காரரோடு இருக்கிறா. நாங்கள் அப்பத்துக்குக் கள்ளு விடுவம், என்னமாய்ப் பொங்கும் தெரியுமா என்று தொடங்கி, முஸ்லிம் வீடென்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டா. சிரித்துவிட்டேன். அவர் போனபிறகு முதல் சிரிப்பு. பின்னாலேயே அழுகையும் வந்தது.

மார்ச் 2

அவரோடு வேலை செய்த பக்கீர் முகைதீன் நானா வந்தார். நான் திரைக்குப் பின்னால், அவர் முற்றத்தில். சோடாவுக்கு மோர் மாதிரி ஒரு புளிப்பு வேணுமாம், பவுடர் கேக்குக்குத்தானாம், பண்ணுக்கு ஈஸ்ட்டை விட்டால் வேறு வழியில்லையாம். பொட்டலம் ஒன்று வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி கொதிச்சா ஈஸ்ட் செத்துரும். இளஞ்சூடு போதும். புசைஞ்சு மூடிட்டுப் பொறுமையா இரிக்கணும்."

பொறுமை. என்னிடம்.

மார்ச் 3

இந்தச் சாச்சியை என்ன செய்ய!

பிசைந்து மூடிவைத்துவிட்டு ளுஹர் தொழுதேன். வந்து பார்த்தால் சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடக்கு. மூடின துணியைத் தூக்கினாவாம், கள்ளு மணந்ததாம். அன்னப்பிள்ளை அக்கா சொன்ன புத்தியைக் கேட்டு நான் ஊத்திப்போட்டன் என்று நினைத்து, அவ்வளவையும் கோழிக்கு.

"இத்தா இரிக்கிற ஊட்டுக்குள்ள கள்ளா புள்ள?"

கத்திவிட்டேன். எனக்கென்ன பைத்தியமா, பிள்ளைக்கு ஹறாமையா ஊட்டுவன்? அவவும் அழுதா, நானும் அழுதன். கோழிகளுக்குத்தான் வயிறு நிறைந்தது.

ஆனால் மூடின துணியை மணந்து பார்த்தேன். உண்மைதான், அதே மணம். நிசமாக ஹறாமோ?

மார்ச் 4, வெள்ளி

ஜும்மா முடிய சாச்சி தானே மௌலவியிடம் போய்க் கேட்டிருக்கிறா. கடைப் பாணும் இப்படித்தானே பொங்குது, அறுபது வருசமா நீங்கள் தின்றது என்ன என்றாராம். வீட்டுக்கு வந்தவ நேரே கோழிக்கூட்டுக்குப் போனா. இரண்டு முட்டையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தா. பிறகு மெல்ல, "அன்னப்பிள்ளைக்கிட்டச் செல்லிராத" என்றா.

மார்ச் 6

மிச்ச ஈஸ்ட்டில் திரும்பப் பிசைந்தேன். துணியைத் தூக்கினபோது ஸப்னா முகத்தைச் சட்டிக்குள் விட்டாள். எடுக்கவே இல்லை.

"உம்மா, வாப்பாட சட்ட மணம்."

விடியற்காலை வேலை முடிந்து வருவார். வேர்வை நாறுது, போய்க் குளிங்க என்று விரட்டுவேன். வேர்வை இல்லை, இது. பத்து வருசம் இதைத்தான் விரட்டியிருக்கிறேன். இப்போது மணந்து பார்க்க அவருடைய ஒரு சட்டைகூட மிஞ்சவில்லை.

அடி கொஞ்சம் கருகிவிட்டது. ஸப்னா இரண்டு தின்றாள். இழுத்து இழுத்துத் தின்றாள்.

மே 4

நேற்று இத்தா முடிந்தது. இன்று கல்முனைக்குப் புறப்பட்டேன். ஸப்னா எனக்கு முதல் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையடியில் நின்றாள். முதல் முதல் வெளியே போறாய், என்ன வாங்கப் போறாய் என்று சாச்சி கேட்டா. ஈஸ்ட் என்றேன்.

"நல்லாக் கள்ளு மணக்கிறதாப் பாத்து வாங்கு" என்றா.