தட்டப்படாத சுத்தியல்

அண்ணா, இது இங்கா. அம்மாவின் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருப்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சொன்னதைச் சொன்னபடி உண்மையாக எழுதுவேன். அவள் சொல்லாமல் விடுவதை நான் கண்ணால் பார்த்திருந்தால் அடைப்புக்குறிக்குள் அதையும் சேர்ப்பேன். இனி 'நான்' என்று வருவது அம்மா.

அன்பு மகன் ஆண்டர்ஸுக்கு, ஏரி உறைந்துவிட்டது, வீடு கதகதப்பாக இருக்கிறது, மூவரும் சுகம். அலாஸ்கா குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. அப்பா பனியில் துளையிட்டு மீன்பிடிக்கும் குடிசையை ஏரிப் பனிக்கட்டி மேல் இழுத்துப் போய் நிறுத்திவிட்டார், இன்னும் ஒரு மீன்கூட வரவில்லை, ஆனாலும் தினமும் போகிறார். உங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் அவர் பெட்ரோல் பங்கு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. நானும் இங்கே பள்ளி வாரியத்தில் இருப்பதால், வாரியத்தில் இருப்பவருக்கு என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். இலையுதிர் காலத்தில் கேட்டிருந்தால் நான்கு வரியில் எழுதியிருப்பேன். இப்போது நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வாரியத் தலைவர் ஆர்வில் ஹாகனை உனக்குத் தெரியும், சின்ன வயதில் உன்னை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போவாரே, அவர்தான். அக்டோபர் கூட்டம் வழக்கம்போல் பள்ளி நூலகத்தில் நடந்தது. இங்காவின் ஏழாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் மிஸ் பெத்தனி கணக்கை விளையாட்டாகச் சொல்லித் தருகிறாள் என்று எங்கள் வாரியத்தில் இருக்கும் கிளேட்டன் ரஸ்குக்குக் கோபம். எனக்குத்தான் ஜனங்க ஓட்டுப் போட்டிருக்காங்க, நானே வகுப்புல நின்னு பாக்குறேன், தப்புன்னா அங்கயே திருத்துறேன் என்று மேசையைத் தட்டினான். ஆர்வில் சிரித்துவிட்டு, ஏம்ப்பா கிளேட்டன், பசு கன்னு போட டாக்டரக் கூப்பிடுற, வந்தப்புறம் அவர் கையையும் சேத்துப் புடிச்சுக்கிட்டா நிப்ப என்றார். இந்த மேசையச் சுத்தி உக்காந்திருக்கும்போதுதான் நாம வாரியம், பள்ளி முதல்வரை வேலைக்கு வைக்கிறோம், விதி போடுறோம், செலவுக்கு ஒதுக்குறோம், கேள்வி கேக்குறோம், கூட்டம் முடிஞ்சுதுன்னு நான் சுத்தியலத் தட்டினதும் நீ வெறும் பீட்ரூட் விவசாயி, நான் வெறும் கெழவன், வீட்டுக்குப் போய்ச் சேரணும் என்றார். சொல்லிக்கொண்டே கூட்டத்தை முடிக்கச் சுத்தியலைத் தூக்கினார். கை தூக்கியபடியே தலை மேசையில் சாய்ந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. சர்ச்சில் வைத்துப் புகழ்ந்தோம், கீழறையில் பன்றித் தொடையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம், அழுதோம். கூட்டத்தை யாரும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நூலக விளக்குத் தொல்லை ஆரம்பித்தது. காவலாள் ரூடி சாயங்காலம் அணைத்துவிட்டுப் போவான், காலையில் எரிந்துகொண்டிருக்கும். சுவிட்சை மாற்றியும் பார்த்தான். உள்ள யாரோ பேசிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு மார்கிட், கதவத் திறக்கவே கூச்சமா இருக்கு என்று என்னிடம் சொன்னான். நான் கேலி செய்தேன். பிறகு ஒரு நாள் கிளேட்டன் ஏழாம் வகுப்பின் பின்சுவரோரம் வந்து கோட்டுகூடக் கழற்றாமல் நின்றான். மிஸ் பெத்தனி என்ன வேணும் என்று கேட்டபோதும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்ததும் விழித்தவனைப் போல, என் டிராக்டர் எங்க என்று கேட்டிருக்கிறான். அடுத்த வாரம் வாரியத்தில் இன்னொருவர், அப்புறம் மற்றவர். (முதலில் பையன்கள், மரம் மாதிரி நிக்கிறாங்களே தண்ணி ஊத்தலாமா என்று சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மிஸ் பெத்தனி கரும்பலகையில் ஒவ்வோர் எண்ணையும் எழுதும் முன் பின்சுவரைப் பார்த்தாள். நாங்களும் விடை எழுதும் முன் திரும்பிப் பார்க்கத் தொடங்கினோம். - இங்கா)

நானும் போயிருக்கிறேன் ஆண்டர்ஸ். வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், அடுத்து நினைவு வரும்போது பள்ளிப் படிக்கட்டுக்குக் கீழே பனியில் கிடந்தேன், விரலெல்லாம் மாவு, மணிக்கட்டு ஒடிந்திருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. (எனக்குத் தெரியும். அம்மாவையும் சேர்த்து வாரியத்தின் நான்கு பேரும் வரிசையாகப் பின்னால் நின்றார்கள். நான் எழுந்து, அம்மா என்றேன். மேசையையோ நாற்காலியையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். உட்கார் என்றாள். மற்ற மூன்று பேரின் வாயும் அதே நேரத்தில் அசைந்தது. - இங்கா)

அன்றைக்கே மிஸ் பெத்தனி முதல்வரிடம், இத்தன நாளு புள்ளைங்களோட பேசிக்கிட்டிருந்தேன், இப்ப அவங்களுக்குப் பின்னால நிக்கிறவங்களோடதான் பேசுறேன், கிறிஸ்துமஸோட நான் கெளம்புறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் போனால் ஏழாம் வகுப்பே இங்கே இருக்காது, பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம், இன்னொரு தடவை போனால் திரும்பி வருவேனா என்பது. கட்டுப் போடும்போது வலியில் ஆர்வில் தூக்கிய கைதான் கண்ணில் நின்றது. சுத்தியல் மேசையில் விழவே இல்லை. கூட்டத்தை முடிக்கலாம் என்று எங்களில் யாரும் முன்மொழியவில்லை, வழிமொழியவில்லை. அப்படியானால் கூட்டம் இன்னும் நடக்கிறது. சமையலறையிலும் வயலிலும் தூக்கத்திலும் நாங்கள் வாரியமாகவே இருக்கிறோம்.

நேற்றுப் பள்ளி விட்டதும் நாலு பேரும் நூலகத்தில் கூடினோம். துணைத் தலைவர் என்பதால் நான் நடத்தினேன். ஆர்வில் நாற்காலியை யாரும் தொடவில்லை. மேசைக்கு வந்ததும் கிளேட்டன் முகம் பழையபடி இறுகியது, முடிக்கிறதுக்கு முன்னால அந்தப் பொண்ணப் பத்தி ஒரு தீர்மானம் போட்டுடலாமே என்று ஆரம்பித்தான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள், என் தலையும் ஆடத் தொடங்கியது. நான் ஒடிந்த கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டேன். கத்தினேன். வீட்டுல உன் பேரன் உன்னப் பாத்து என்ன பண்றான் கிளேட்டன் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு, அழுவுறான் மார்கிட், தாத்தா எங்கன்னு என்னையே கேக்குறான் என்றான். கூட்டத்தை முடிக்கலாம் என்று அவனே முன்மொழிந்தான். இன்னொருவர் வழிமொழிந்தார். இடது கையால் சுத்தியலை எடுத்தேன், அது சூடாக இருந்தது, யாரோ இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்து இப்போதுதான் விட்டதுபோல. ஒரே தட்டுத் தட்டினேன். ரூடி விளக்கை அணைத்தான், வெளியே வந்துவிட்டோம்.

இன்று காலை மிஸ் பெத்தனி வகுப்பின் பின்சுவர் காலி. வசந்த காலம் வரை இருந்து பார்க்கிறேன் என்றாளாம். நீ கேட்டதற்கு என் பதில் இதுதான் மகனே. கேள்வி கேள், நல்ல முதல்வரைத் தேடிப் பிடி, கூரை ஒழுகினால் பணம் ஒதுக்கு. உன் குறையை முதல்வரிடம் சொல், ஆசிரியையின் தோளுக்குப் பின்னால் போய் நிற்காதே. கூட்டம் முடிந்ததைக் காதால் கேட்டுவிட்டு எழுந்திரு, வீட்டுக்குப் போய் மீனைச் சுத்தம் செய். கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், அப்பாவின் பிறந்தநாளுக்குக் கூப்பிட மறக்காதே. எங்கே இருந்தாலும் நீ நீயாகவே இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும்.

இடது கைக் கோணல் கையெழுத்துடன்,
உன் அம்மா மார்கிட்

அண்ணா, ஒன்று மட்டும். ரூடி அணைத்தான் என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். ஆனால் நான் வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன். ரூடி கதவைப் பூட்டிவிட்டு, சாவியோடு எங்கள் பக்கத்தில்தான் நின்றான். அப்போதும் நூலக சன்னல்களில் வெளிச்சம் இருந்தது. அம்மா திரும்பாமலேயே, இங்கா, எரியுதா என்றாள். என் பெயரைச் சொன்னாள் அண்ணா. எரியுது என்றேன். அப்புறம் கடைசி அலமாரிப் பக்கத்திலிருந்து ஒரு வரிசை, அடுத்த வரிசை, முடிவில் கதவருகே இருந்தது என்று, வேலை முடிந்து வெளியே நடக்கிறவர் அணைப்பதுபோல ஒவ்வொன்றாக எல்லா விளக்குகளும் அணைக்கப்பட்டன.