பள்ளத்துக்குக் கட்டிய லாரி பாடி

அன்புக் கண்ணு வித்யாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நல்ல சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள். நொய்டாவில் குளிர் விட்டதா? போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் சிரிப்பேன், அம்மா போனைப் பிடுங்குவாள். அதனால்தான் முறுக்குப் பார்சலோடு இந்தக் கடிதம். நாலாம் வகுப்புப் படிக்கிற உன் தங்கச்சி யுவஸ்ரீயை உடனே விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாயே, இதைப் படித்துவிட்டு ஒருமுறை யோசி.

அவள் பள்ளி மைதானத்தில் புது வகுப்பறை கட்டப் பள்ளம் தோண்டிப் போட்டது உனக்குத் தெரியும். ஜல்லி லாரி சரியாக இடைவேளை மணிக்குத்தான் ரிவர்ஸில் உள்ளே வரும். மழைத்தண்ணீர் நின்ற பள்ளத்தில் பந்தெடுக்கப் போன ஒரு பையன் இடுப்பளவு இறங்கிவிட்டான், சத்துணவு அக்கா ஓடிப்போய் இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தலைமை ஆசிரியை யாரையும் வெளியே விடவில்லை. மூன்று வாரம் அத்தனை பிள்ளைகளும் வகுப்புக்குள்ளேயே. யுவஸ்ரீ வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் வாசலைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். எனக்கும் உள்ளூரப் பயம்தான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் இந்த வருடம் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி யார்? உன் அம்மா வசந்தாமணி! ஜல்லி லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "ஏனுங்க, புள்ளைங்க ஊட்டுக்குப் போன பொறவு வாங்க, இல்லீன்னா எம்மேல ஏத்தீட்டுப் போங்க" என்றுவிட்டாள். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கவே போய்விட்டார். கான்ட்ராக்டர் தண்டாயுதபாணி ஓடிவந்து, இனி லோடு சாயங்காலம்தான் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் பள்ளத்தைச் சுற்றி அடைக்கத் தகரம் வரப் பத்து நாளாகும் என்று தலையைச் சொறிந்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை உனக்குத் தெரியும்.

நம் லாரி பாடி கட்டும் பட்டறையில் பழைய லாரிகளில் கழற்றிய பக்கப் பலகைகள் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை நானும் பட்டறையில் கூட வேலை செய்கிற கதிர்வேலும் இன்னும் நாலு பேரும் போய், இரும்புத் தூண் நட்டு, பள்ளத்தைச் சுற்றி உயரமாக நிறுத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்து, பழக்க தோஷத்தில் பூசணிக்காயும் உடைத்தோம். திங்கட்கிழமை இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். நான் பெருமையாக வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். உன் தங்கச்சி நேராகப் போய் ஒரு கொண்டியைத் தட்டினாள், ஒரு பலகை முழுவதும் சரக்கு இறக்குகிற மாதிரி தடாலென்று பள்ளத்துப் பக்கம் திறந்து விழுந்தது! இருபது வருடம் லாரி பாடி கட்டிய கை, வித்யா. கீலும் கொண்டியும் இல்லாமல் ஒரு பலகையை நிறுத்த எங்களுக்குத் தெரியாது. எட்டுப் பலகைக்கும் ஒன்று விடாமல் வைத்திருக்கிறோம், ஆறு பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நல்லவேளை, ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. அம்மா சொன்னாள், "பள்ளத்த அடைங்கன்னா கதவு வெச்சுக் குடுத்திருக்கீங்க, அப்படியே டிக்கெட்டும் கிழிங்க சாமி." தலைமை ஆசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலமே எல்லாக் கொண்டியையும் வெல்டிங் வைத்து அடைத்து, ஆறு பேரும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை.

நேற்று யுவஸ்ரீ முட்டியில் சிராய்ப்போடு வந்தாள். நான் பதறிப்போனேன். பள்ளத்தாலும் இல்லை, லாரியாலும் இல்லை, ஓடிப்பிடித்து விளையாடி விழுந்திருக்கிறாள். "அப்பா, அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க, என்னைய ஆஸ்டல்ல சேத்திப்போடும்" என்று கண் கலங்கக் கெஞ்சினாள். நானும் சரியென்று தலையாட்டினேன், இதோ எழுதியும்விட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, நோய் நொடியில்லாமல் நன்றாக இரு கண்ணு. ஒன்றை மட்டும் மறக்காதே. அவளிடம் பேசும்போது முட்டியைப் பற்றிக் கேட்காதே, ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேள்.

உன் அப்பா,
சரவணமுத்து