அம்மாவின் டிஸ்க்கில் எழுத அனுமதி இல்லை

இந்த ஃபைலைத் திறந்திருப்பது யாராக இருந்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் மாமாவிடம். படித்துவிட்டால் படித்ததோடு விட்டுவிடுங்கள்.

என் கம்ப்யூட்டர்காரி அம்மாவுக்கு,

உள்ளறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, போர்வைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாமா முன்னறையில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் என் விரல் நின்றுவிடுகிறது.

நீ போன பிறகு உன் கம்ப்யூட்டரை யாரும் போடவில்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது தரையில் இருந்த பெட்டி நனைந்து மதர்போர்டு போய்விட்டது. மெக்கானிக் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொடுத்தார். இப்போது நீ இருப்பது அதில்தான். நீ செய்து கொடுத்து எர்ணாவூர் பாலத்துச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள், மஞ்சள் நீராட்டு ஃபிளெக்ஸ்கள், எல்லாமே அதில் இருக்கின்றன. இறந்தவர் முகத்தில் கருவளையத்தை அழித்துவிட்டு, "இப்போ பாரு, தூங்கி எய்ந்த மாதிரி கீறாரு" என்று சிரிப்பாயே, அந்த முகங்களும்.

மாமா கடையில் லாரி பேட்டரிகள் திருடு போய்விட்டன. அதனால் கேமரா மாட்டப் போகிறார். சாயங்காலம் சாப்பிடும்போதுதான் சொன்னார்.

"இன்னா பாப்பா, உங்கம்மா டிஸ்க்கு சும்மாதானே கீது? கேமராகாரன் காலைல வரான். படம் பதியற மிஷின்ல சொருகினா அதுவே அல்லாத்தையும் அழிச்சிட்டு வேலைய ஆரம்பிச்சிக்குமாம்."

"அதுல அம்மா செஞ்ச வேலைங்க கீது, மாமா."

"ஒண்ணுமே சேவ் ஆவ மாட்டேங்குதுன்னு நீதானே சொன்ன? பாக்க மட்டும் வர்ற டிஸ்க்கு செத்த டிஸ்க்கும்மா. உங்கம்மா மாதிரியே பேஜாரு பண்ணாத. காலைக்குள்ள ஒரே ஒரு ஃபைலு அதுல சேவ் பண்ணிக் காட்டு. உன் கையிலயே குடுத்துடறேன். இல்லாட்டி கேமராவுக்குப் போவும்."

ஒரு கேமரா கடைக்கு. இன்னொன்று நம் மாடிப்படிக்கு. "வயசுப் பொண்ணு, போறது வர்றது தெரியணும்ல" என்றார். புரிகிறதா அம்மா? உன் போஸ்டர்களை அழித்துவிட்டு, அதே டிஸ்க்கில் நான் படி இறங்குவதையும் ஏறுவதையும் எழுதி வைப்பார்கள். மாமா கெட்டவர் இல்லை. அப்பா விட்டுப் போனபோது நம் இருவருக்கும் இடம் கொடுத்தவர். அதனால்தான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது பக்கத்து பிளாக் ஃபாத்திமா அக்கா கொடுத்த பழைய லேப்டாப். அதில் விண்டோஸ் ஓடாது, லினக்ஸ்தான். உன் டிஸ்க்கைச் செருகினால் எல்லாம் தெரிகிறது, திறக்கிறது. ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தால் அனுமதி இல்லை என்கிறது. லேப்டாப்பில் பிரதி எடுத்துவைக்கலாம் என்றால், உன் வேலையில் கால்வாசிகூட அதில் அடங்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்.

காரணத்தை இன்றுதான் கண்டுபிடித்தேன். கட்டளை தட்டும் டெர்மினலில் வந்த வரிகளை மெதுவாகப் படித்தேன். டிஸ்க் கெடவில்லை. விண்டோஸ் இன்னும் மூடப்படவே இல்லையாம், தூங்கிக்கொண்டிருக்கிறதாம். யாரோ பாதி வேலையில் எழுந்து போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்கள், அதுவரை வேறு யாரும் இதில் எழுதக் கூடாது. அதுதான் சட்டம்.

அந்த யாரோ நீதான். நீ என்றைக்கு ஷட்டவுன் செய்தாய்? தண்ணி லாரி ஹாரன் கேட்டதும் ஹைபர்நேட் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவாய். திரும்பி வந்தால் போஸ்டர் விட்ட இடத்திலேயே இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரி வரை போய்வருகிறேன் என்று ஹைபர்நேட் போட்டாய். ஷேர் ஆட்டோவில் ஏறினாய். உயிரோடு திரும்பவில்லை. டிஸ்க் இன்னும் உனக்காகக் காத்திருக்கிறது.

தூக்கத்தைக் கலைக்க ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. நீ சேமித்தவை எல்லாம் அப்படியே இருக்கும். எழுதவும் விடும். ஆனால் நீ எழுந்து போனபோது திரையில் சேமிக்காமல் திறந்திருந்தது மட்டும் போய்விடும்.

திறந்திருந்தது என் பிறந்தநாள் ஃபிளெக்ஸ். அன்றைக்கு எட்டிப் பார்த்தேன். "போடி அந்தாண்ட! மாட்டும்போது பாரு" என்று கையால் திரையை மறைத்தாய். உன் விரல் இடுக்கில் கொஞ்சம் ஊதா நிறம் தெரிந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். எல்லா ஃபோல்டரிலும் தேடிவிட்டேன், நீ அதைச் சேமிக்கவே இல்லை. அந்த மதர்போர்டு இருந்திருந்தால் திரும்ப எழுப்பியிருக்கலாம். அது காயலான் கடைக்குப் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் முகத்தையெல்லாம் காப்பாற்ற, நீ வரைந்த என் முகத்தை நானே அழிக்க வேண்டுமா? அதில் எந்தப் படத்தை வைத்திருந்தாய்? என்ன எழுதியிருந்தாய்?

கட்டளையைத் தட்டி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனி சங்கு ஊதி ஓய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு என்டரை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தது. உன் ஃபோல்டருக்குள் 'ஷாலு' என்று ஒரு புது ஃபோல்டர் போட்டுப் பார்த்தேன். போட்டதும் வந்துவிட்டது, அம்மா.

ஒன்று மட்டும் சத்தியம். இனிமேல் நான் எதைச் செய்தாலும், பாதியில் எழுந்திருக்கும் முன்பு சேவ் பண்ணிவிட்டுத்தான்

கதவு தட்டுகிறார். "பாப்பா! இன்னும் முயிச்சிக்கினா கீற? விடியப் போவுது, டிஸ்க்க எடுத்துக்கினு வா."

ஃபைல் கேட்டாரே. என்னிடம் இருக்கிற ஒரே ஃபைல் இதுதான். உன் டிஸ்க்கிலேயே சேவ் பண்ணுகிறேன்.

உன் மகள் ஷாலு