பாய் இல்லாமல் வந்த படகுகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீயும் மருமகளும் வாண்டுவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "ம்" போடுகிறாய். கடிதத்துக்கு "ம்" போட முடியாது அல்லவா, அதனால்தான்.

எங்கள் கல்யாணம் முடிந்து வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. பதிவு அலுவலகத்துக்கு நீ வரவில்லை. "லீவு கிடைக்கலம்மா" என்றாய். அதற்குப் பிறகும் உனக்கு லீவு கிடைத்தபாடில்லை. எனக்குக் கோபம் இல்லை. ஏக்கம் இருக்கிறது, அதை மறைக்கப்போவதும் இல்லை. அவரை என்னவென்று கூப்பிடுவது என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவசரமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் என்பதால் தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்கிறது. நானும் இதில் அப்படியே எழுதுகிறேன்.

போன மாதம் வீடியோவில் வாண்டு அழுதாளே, நினைவிருக்கிறதா? அவள் விட்ட காகிதப் படகு வாளியிலேயே ஊறிக் கூழாகிவிட்டது. "கூழாகாத படகு வேணும்" என்று மூக்கைச் சிந்தினாள். அப்போது கண்ணாடிக்காரரும் இதே அறையில்தான் இருந்தார். நீ வீடியோவில் வந்தாலே அவர் படத்தில் விழாதபடி பீரோவுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரோடு சுவராக நின்றுகொள்வார். அன்றும் அப்படி நின்று கேட்டவர், நான் போனை வைத்ததும், "மரத்துல செஞ்சா கூழாகாதே" என்றார்.

இந்த வருஷ நிறைவுக்கு எங்களுக்கு யாரும் எதுவும் தர வேண்டாம், நாங்களே குடும்பத்துக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். என்ன கொடுப்பது என்பது அன்று முடிவானது. உன் வீட்டுக்கு ஒரு படகு, சின்னவள் வீட்டுக்கு ஒன்று, அவருடைய அக்கா வீட்டுக்கு ஒன்று.

மரத்துண்டுகளை அளவாக அடுக்கிப் பெட்டியாகவே விற்கிறார்கள். கிட் என்று பெயர். வாங்கி வந்து நாமே ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் போன கடையில் ஏ.சி. போட்டு, படகுகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். விலையைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கடையின் கூரையைப் பார்த்தோம். கூரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். பிறகு சின்னவள் ஆன்லைனில் கொள்ளை மலிவாக ஒன்றைப் பிடித்தாள். படத்தில் அது அலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பார்சலில் வந்தது தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, "வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு" என்றார். இப்போது அது வீட்டுச் சாவியில் தொங்குகிறது.

கடைசியில் பள்ளிக்கூடச் சாமான்கள் மொத்தமாக விற்கிற கடையில் கிடைத்தது. கடைக்காரர் பரணிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினார். "பாய்த் துணியை எல்லாம் எலி கொண்டுபோயிடுச்சுங்க. கட்டையில கை வைக்கல. பாய் இல்லாத படகை யாரு வாங்கறா, வந்த விலைக்கு எடுத்துக்கங்க" என்று அலுத்துக்கொண்டார். காலமெல்லாம் தையல் மெஷினை மிதிக்கிறவளிடம் வந்து துணி இல்லை என்கிறார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் குறைத்து வாங்கினேன்.

என் வெட்டு மேசையிலேயே வேலை ஆரம்பித்தது. ஆளுக்கொரு படகு. முதுகெலும்பு மாதிரி நீளமாக ஒரு கட்டை, அதில் விலா எலும்புகள் மாதிரிச் சட்டங்கள், அவற்றின் மேல் வெந்நீரில் ஊறவைத்து வளைத்த மெல்லிய பட்டைகள், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்காரர் கை லென்ஸ் தேய்க்கிற கை. ஒரு மயிரிழை பிசகினால் லென்ஸ் குப்பைக்குப் போய்விடும் என்பதால் அவருக்குக் கோடு என்றால் கோடுதான். நானோ, இன்று ஒல்லியாக இருப்பவர்கள் நாளைக்குச் சதை போடுவார்கள் என்று தையலுக்குத் துணி விட்டே வெட்டிப் பழகியவள். பட்டைகளையும் என்னை அறியாமல் கோட்டுக்கு வெளியே வெட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் நெருக்கி ஒட்டியதும் என் படகு நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

சின்னவள் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, உன் படகு முழுகாம இருக்கு போல" என்றாள். கண்ணாடிக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "முழுகாம இருந்தாத்தானே படகு" என்றார். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாத மனுஷன். வயிறு வலிக்கச் சிரித்தோம். வார்னிஷ் காய்ந்ததும் துணி அலசுகிற டப்பில் தண்ணீர் பிடித்து இரண்டையும் விட்டோம். அவருடைய படகு பார்க்க அவ்வளவு அழகு. வைத்தவுடனே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. என் குண்டுப் படகு டப்புக்குள் ஒரு சுற்று நகர்ந்து வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கே எனக்கு ஒரு பரிசு தர வேண்டும்.

மறுநாள் அவர் மூன்றாவது பெட்டியைப் பிரித்து, பென்சிலை என்னிடம் நீட்டினார். "இதுக்குத் தையலுக்கு எவ்வளவு விடணும், நீயே கோடு போட்டுக் குடு" என்றார். நான் கோடு போட்டேன், அவர் வெட்டினார். அடியில் கனத்துக்கு, மெஷினில் நூல் சுற்றுகிற என் பழைய இரும்பு பாபின்களைப் போட்டோம். ஒருக்களித்த படகுக்கும் ரெண்டு பாபின் போட்டதும் அது எழுந்து உட்கார்ந்துவிட்டது, அதை அவருடைய அக்காவுக்குக் கொடுத்தாயிற்று. குண்டுப் படகை யாருக்கும் தரக்கூடாது என்று சின்னவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது உங்களுக்கு.

முதல் இரண்டுக்கும் மிச்சம் கிடந்த வெள்ளைத் துணியில் பாய் தைத்தேன். உங்கள் படகுக்குக் கத்தரியை எடுத்தபோது கண்ணாடிக்காரர் கொஞ்சம் தயங்கி, "அவனோட அப்பா சட்டை ஏதாவது இருக்குமே. அதுல தைச்சுக் குடேன்" என்றார். நான் கத்தரியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு பெட்டியின் அடியிலிருந்து அந்த நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்தேன். நீ உப்புமூட்டை ஏறி, காலரைப் பிடித்துத் தொங்கிக் கிழித்தாயே, அதே சட்டை. கண்ணாடிக்காரரே அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார். முதுகுப் பக்கத்தில்தான் வெட்டினேன். கிழிந்த காலரை உனக்காக மடித்து வைத்திருக்கிறேன். தைக்கும்போது அழுதேன். துக்கத்தில் இல்லை. எனக்கு இரண்டு தடவையும் நல்ல மனுஷராகவே வாய்த்திருக்கிறார்கள் என்றுதான் அழுதேன்.

குழந்தை காத்திருக்குமே என்று நேற்று அவர் அதைக் கூரியர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த பெண் எந்தப் பெட்டியில் வைத்தாலும் பாய்மரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. "இதைக் கழட்டி மாட்டற மாதிரி செஞ்சிருக்கலாமேம்மா" என்றாள். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர் எழுந்து படகுக்கு இடம் கொடுத்தார்.

இப்போது அது ஜன்னலோரம் நிற்கிறது. காற்று வந்தால் நீலக் கோட்டுப் பாய் புடைக்கிறது, வாண்டு பார்த்தால் குதிப்பாள். நீங்கள் வந்தால் பழக்கதோஷத்தில் அவர் பீரோவுக்குப் பக்கத்தில் போய் நிற்கக்கூடும். நீதான் அவரைக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிட்டாலும் சரி, வந்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாய்மரத்துக்குப் பசை தடவுவதற்கு முன்பே அவர் என்னிடம் கேட்டார். "கழட்டற மாதிரி விட்டா பார்சல்ல அனுப்பலாமே, விடட்டுமா?" என்றார். வேண்டாம், கெட்டியாக ஒட்டிவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

மூவரும் நிறைந்த சுகத்தோடு இருங்கள். படகை வந்து எடுத்துக்கொண்டு போ.

டப்பில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும்,
அம்மா