ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் எங்கள் இறைச்சி ஆலையில் எல்லாச் செய்தியும் போனில் இருக்கும் புது ஆப் வழியாகத்தான். கெட்ட வார்த்தை எழுதினால் அதுவே நட்சத்திரமாக மாற்றிவிடும். மூன்று முறை மாட்டினால் ஒரு வாரம் வேலை கிடையாது. நல்லதுதான் என்று நினைத்தேன்.

காலையில் கத்தி தீட்டுபவருக்கு, "கழுத்து வெட்டுற கத்தி மழுங்கிருச்சு" என்று அனுப்பினேன். அவருக்குப் போனது: "★★★★ ★★★★ ★★★★ மழுங்கிருச்சு." மனுஷன் நேரே வந்து, "யாரம்மா மழுங்குனது, நானா?" என்றார். தினம் அறுநூறு ஆடு அறுக்கிற இடத்தில் கத்தி என்று எழுத முடியாது. மேசையே சிரித்தது.

மார்ச் 11, செவ்வாய்

இப்போது சிரிப்பு வரவில்லை.

எலும்பு பிரிக்கும் மேசையில் தம்பி என் பக்கத்தில் நிற்கிறான். முப்பத்தொரு வயது. வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது, பேச்சு மட்டும் திக்கும். சூப்பர்வைசர் இன்று காலை குழுவில் போட்டது: "வ வ வணக்கம் ராசா. இ இ இன்னைக்கு எ எத்தனை கிலோ?" கீழே இருபத்திரண்டு சிரிப்பு முகங்கள்.

தம்பி பதில் எழுதினான். வாயால் முடியாததை விரலால் கொட்டினான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நட்சத்திரம். எச்சரிக்கை ஒன்று.

மார்ச் 19, புதன்

ஆபீசுக்குப் போனேன். சூப்பர்வைசரின் கிண்டல் தினமும் நடக்கிறது, இன்று செத்துப்போன எங்கள் அப்பாவையும் இழுத்துவிட்டான் என்றேன். "பா பா பாவம், அப்பாவைக் கூப்பிடறதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்திருப்பார்" — இதுதான் அவன் எழுதியது. அங்கே இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"அக்கா, அவர் பேர்ல ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. உங்க தம்பி பேர்லதான் ரெண்டு இருக்கு."

"நீ படிச்சுப் பாரும்மா."

படித்தாள். முகம் மாறியது. "எனக்குப் புரியுதுக்கா. அதுக்குப் புரியலையே" என்று மெதுவாகச் சொன்னாள்.

ஏப்ரல் 2, புதன்

மூன்றாவது எச்சரிக்கை. தம்பி இன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டில்.

சுவரைக் குத்தியிருக்கிறான். கை முட்டி பிளந்து சுண்ணாம்பும் ரத்தமுமாக இருந்தது. கட்டுப் போட்டேன். "அ... அ... அவன..." அதற்கு மேல் வரவில்லை. நான் என்ன செய்ய? வேலையை விட்டுவிடு என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் அவன் வாயே திறக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

எழுதிவிடுகிறேன்.

தம்பி மேசைக்கு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லார் போனும் அடித்தது. "ரா ரா ராசா திரும்பி வந்தாச்சு. எல்லாரும் கை தட்டுங்க." தட்டினார்கள். ரத்தம் படிந்த கையுறையோடு தட்டினார்கள்.

தம்பி கத்தியோடு நடந்தான். தீட்டத்தான் போகிறான் என்று நினைத்தேன். சூப்பர்வைசரின் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஒரு குத்து. இழுத்து, மறுபடி. பிறகு கத்தியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அழுத்தினேன். விரலிடுக்கில் பீறிட்டுக்கொண்டே இருந்தது. ஆட்டு ரத்தத்தின் அதே சூடுதான். அவன் கண் என்னையே பார்த்தது. கையை எடுத்துட்டா போதும்னு தோணுச்சு. தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். எடுக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரி முதலுதவி அறைக்கு அனுப்பினாள்: "கத்திக்குத்து. கழுத்து. ரத்தம்." யாரும் வரவில்லை. கடைசியில் ஓடிப்போய் நர்ஸை இழுத்துக்கொண்டு வந்தாள். நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே அழுதாள்: "வெறும் நட்சத்திரமா வந்துச்சு. யாரோ திட்டிக்கிறாங்கன்னு விட்டுட்டேன்."

ஏப்ரல் 10, வியாழன்

தம்பி ஸ்டேஷனில். என்ன கேட்டாலும் பதில் சொல்லவில்லையாம். திமிர் என்று நினைத்து அறைந்திருக்கிறார்கள். உதடு கிழிந்திருக்கிறது.

சூப்பர்வைசர் பிழைத்துவிட்டான். வலது கை இனி வராது என்கிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வக்கீல் குழுவின் செய்திகளை அச்செடுத்து வைத்திருக்கிறார். "அவர் பக்கம் பூரா வணக்கமும் கிண்டலும்தான், விளையாட்டுன்னு தள்ளிடுவாங்க. உங்க தம்பி பக்கம் பூரா நட்சத்திரம். இதைக் கோர்ட்டுல நீட்டினா நமக்கே வினை. அங்க என்ன நடந்துச்சுன்னு யாராவது வந்து சொல்லணும்மா."

பதினோரு பேரைக் கேட்டேன். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கை தட்டியவர்கள் எப்படி நிமிர்வார்கள்?

மே 6, செவ்வாய்

மதியம் கதவைத் தட்டி ஒரு பெண் நின்றாள். சூப்பர்வைசரின் மனைவி. அடிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நீங்கதான் அழுத்திப் பிடிச்சீங்களாமே."

"ஆமா."

நன்றி சொல்லவில்லை. என் கைகளையே பார்த்தாள்.

"எங்க பொண்ணுக்கும் பேச்சு திக்குங்க. பதிமூணு வயசு. தினம் சாப்பாட்டு மேசையில அவள மாதிரியே பேசிக் காட்டுவாரு. ஒரு கெட்ட வார்த்தை வராது. போன வருஷத்துல இருந்து அவ வீட்டுல பேசறதே இல்ல." மூச்சு வாங்கினாள். "நேத்து ஆஸ்பத்திரியில கட்டில்ல படுத்துக்கிட்டும் பேசிக் காட்டுனாரு."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"உங்க வக்கீல் ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்று கேட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு இறங்கினேன்.