கை எட்டாத பாய்

இன்று மத்தியானம் என் மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்கள். பொரி, பொட்டுக்கடலை, இரண்டு தேங்காய்ச் சில்லு, ஒட்டிக்கொண்ட வெல்லம். ஆயுத பூஜை. இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரங்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். எண்ணெயும் சந்தனமும் கலந்த அந்த வாசனையில் நீ வந்துவிட்டாய். பொரியைப் பார்த்தால் உன் ஞாபகம் வருகிறது என்று சொன்னால், "ஏன்டி, நான் இன்னா அவ்ளோ லேசா?" என்று கேட்பாய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மின்விசிறி மோட்டார் செய்யும் கம்பெனியில், நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றினோம். நம் அப்பாக்கள் பிறர் வயலில் நாற்று பிடுங்கியவர்கள். நாம் மாதச் சம்பளக்காரிகள் ஆனோம். ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கம் போகும் வழியில் இருந்த நம் கிறிஸ்தவச் சபைக்கு ஒன்றாக நடப்போம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரையில் வரிசையாகப் பாய்கள். அந்தக் கூடத்தில் எழுதி ஒட்டியிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: செருப்பை வெளியே விடவும்.

மற்றதெல்லாம் எழுதாதவை. பூ வைக்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் வைத்தவள் ஒருத்தியும் இல்லை. கதைப் புத்தகம் படிக்கக்கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. போதகரின் மனைவி ஒருநாள் என் பையைக் கையால் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கேம்மா" என்றார், அவ்வளவுதான். அந்த வாரத்திலிருந்து வாடகை நூலகத்தில் நான் எடுக்கும் நாவல்கள் உன் பையில், தூக்குச்சட்டிக்கு அடியில் பயணம் செய்தன. நீ ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. "இதுல இன்னாதான்டி கீது, செங்கல்லாட்டம்?" என்று கேட்டுக்கொண்டே சுமந்தாய்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு முந்திய ஞாயிறு, கம்பெனியில் சாமிக்குப் படைத்துத் தரும் பொரியைச் சாப்பிடலாமா என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். "அது அவங்கவங்க மனசாட்சிக்கு விட்ட விஷயம்" என்றார் போதகர். எல்லாரும் தலையாட்டினோம். பூஜை நாளில் நம் சபையைச் சேர்ந்த ஆறு பேரில் ஐந்து பேர் கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். நான் அந்த ஐவரில் ஒருத்தி.

நீ மட்டும் உள்ளே இருந்தாய். அதற்கு முந்திய மாதம்தான் உன் முந்தானை மெஷின் பெல்ட்டில் சிக்கியது. பக்கத்தில் இருந்த ஃபிட்டர் வெறுங்கையால் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினார். உன் கழுத்து தப்பியது. அவருடைய ஆள்காட்டி விரல் நகம் போயிற்று. அந்தக் கட்டுப் போட்ட விரலோடு அவர் பொரியை நீட்டி, "நீங்கல்லாம் துன்ன மாட்டீங்கன்னு தெரியும். சும்மா கையிலயாச்சும் வாங்கிக்கம்மா" என்றாராம். "குடு அண்ணாத்தே" என்று வாங்கி அவர் எதிரிலேயே சாப்பிட்டாய்.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் போதகர் உன்னைக் கூப்பிட்டார். நான் உன் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பொரி சாப்பிட்டியாமே?"

"சாப்ட்டேன் ஐயா. நீங்கதான மனசாட்சின்னீங்க?"

"ஆமா. உன் மனசாட்சி என்ன சொல்லிச்சு?"

"சாப்புடுன்னிச்சு."

"அப்போ அது இன்னும் பழகலைன்னு அர்த்தம்மா."

"துன்னக்கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதிகீதா ஐயா?"

"எல்லாத்தையும் எழுதி வெக்க முடியுமா?"

"செருப்ப வெளிய உடுன்னு எழுதி வெச்சிகீறீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் சபை முன் எழுந்து நின்று, மனசு வருத்தப்படுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். "வருத்தப்படலியே ஐயா. சபைல நின்னு பொய் சொல்லணுமா?" என்று கேட்டாய். நீ குரலைக்கூட உயர்த்தவில்லை.

இயேசுவின் பெயரால் நம் சபையில் பகிரும் அப்பம் உனக்கு நினைவிருக்கும். ஒரே வட்ட ரொட்டி கைமாறி வரும். ஒவ்வொருவரும் ஒரு துண்டு பிட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். கீழே வைக்கக்கூடாது, எழுந்து போய்க் கொடுக்கும் வழக்கமும் இல்லை. அடுத்த ஞாயிறு போதகரின் மனைவி கடைசி வரிசைக்குப் பின்னால் தனியாக ஒரு பாயை விரித்தார். சரியாக ஒரு கை எட்டாத தூரம். உன் தோளைத் தொட்டு, "அங்க உக்காரும்மா, காத்து நல்லா வரும்" என்றார். உனக்கு அப்பம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்பம் கடைசி வரிசை வரை வந்தது. அதற்குமேல் கை இல்லை.

யாரும் உன்னோடு பேசக்கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனாலும் பேச்சு நின்றது. நானும் நிறுத்தினேன். இதை எழுதக் கை கூசுகிறது, எழுதத்தான் வேண்டும். என்னை யாரும் தடுக்கவில்லை. பெஞ்சில் வேலை அதிகம் என்றேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஞாயிறுகளில் வேறு தெரு வழியாகச் சபைக்குப் போனேன். அப்படி ஐந்து ஞாயிறு.

போதகர் கெட்டவர் இல்லை. என் அப்பா டைபாய்டில் கிடந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் மூன்று இரவு படுத்திருந்தவர். அதனால்தான் அவர் முகம் சுளித்தால் நமக்கு அவ்வளவு பயம். பின்னாளில் அவசரநிலை வந்தபோதுகூட எனக்கு இதுதான் தோன்றியது. தாளில் எழுதிய தடையைப் படித்தால் போதும். வாதாடலாம், கோடு போட்டு அடிக்கலாம், திருத்தலாம். எழுதாத சட்டம் ஒரு மனிதரின் முகத்தில் இருக்கிறது. நாள் முழுக்க அந்த முகத்தையே படித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. சொந்த மனசாட்சியைக் கேட்க நேரம் ஏது?

ஆறாவது வாரம், சனிக்கிழமை, கம்பெனி வாசலில் என்னை நிறுத்தினாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். தூக்குச்சட்டியை எடுத்துவிட்டு அடியிலிருந்து என் நாவலை உருவினாய்.

"திருப்பிக் குடுக்கற தேதி எப்பவோ பூட்ச்சி, அட்டைல போட்டுகீது. நீதான் என் பக்கமே வர மாட்டேன்ற."

ஐந்து வாரமும் அதைத் தினம் கொண்டுவந்து தினம் திரும்ப எடுத்துப் போயிருக்கிறாய். எனக்காக நீ உடைத்த சட்டம் உன் பையிலேயே இருந்தது. அதைக் காட்டியிருந்தால் பின்னால் எனக்கும் ஒரு பாய் விழுந்திருக்கும். நீ காட்டவில்லை.

மறுநாள் ரொட்டி என் கைக்கு வந்தது. ஒரு துண்டு பிட்டேன். பக்கத்தில் இருந்த ஓர் அத்தை கை நீட்டினாள். நான் எழுந்தேன். ரொட்டியோடு பின்னால் நடந்து வந்து உன் பாயில் உட்கார்ந்து உன்னிடம் நீட்டினேன்.

"அங்க ஏம்மா போய் உக்காந்த?" என்றார் போதகர், முன்னாலிருந்து.

"இங்க காத்து நல்லா வருதுன்னாங்க ஐயா."

நீ பிட்டுக்கொண்டாய். மெல்லும்போது என் காதருகே, "உன் கை இன்னாடி இப்டி ஐஸா கீது?" என்றாய். பிறகு ரொட்டியை முன்வரிசைக்குக் கொண்டுபோய் அந்த அத்தையிடம் கொடுத்தாய். அத்தை ஒரு கணம் போதகரைப் பார்த்தாள். அப்புறம் ரொட்டியைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு பின்பாயில் நான்கு பேர். இன்னும் இரண்டு வாரத்தில் ஒன்பது. அந்த மாதக் கடைசியில் கூடத்துக்குப் பெஞ்சுகள் வந்தன. பெரியவர்களுக்கு முட்டிவலி என்று காரணம் சொன்னார்கள். பாய்கள் சுருட்டி மூலைக்குப் போயின. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதாத சட்டத்தை யாரும் வந்து ரத்து செய்வதும் இல்லை.

நீ கல்யாணமாகித் திருநின்றவூர் போனாய். இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலை. நான் ரயிலில் வந்து சேர்ந்தபோது உன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அடக்கத்துக்கு நம் போதகர்தான் வந்தார். "நல்ல மனசாட்சி உள்ள பிள்ளை" என்று சொல்லி அழுதார். அந்த அழுகை பொய் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லை அவர் வாயில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் கலைந்ததும் அருகே போய், "பழகாத மனசாட்சி ஐயா. நீங்கதான் சொன்னீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்று பொட்டலங்கள் வந்தபோது, இந்த மாதம் சேர்ந்த புதுத் தட்டச்சுப் பெண் தன்னுடையதைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி வைத்தாள். அண்ணனூரிலிருந்து வருகிறாள். அவர்களுக்கும் ஏதோ ஒரு சபை.

"இன்னாம்மா, பொரில வெஷமா வெச்சிகீறோம்?" என்றார் எங்கள் குமாஸ்தா. "தோ, உங்காளுதான், அக்காவே துன்றாங்க. உனக்கு மட்டும் இன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முகத்தைப் படிக்கிற பார்வை. இந்த அறையில் இப்போது என் முகம்தான் சட்டம் என்று சட்டென்று புரிந்தது. பயந்துபோனேன்.

"அவளுக்கு வேணாம்னா வேணாம் சார்" என்றேன்.

"சாப்பிடலேன்னா தப்பா நெனைப்பீங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அத என்னைக் கேக்காதம்மா."

என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் மேஜையருகே போட்டேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள், எலுமிச்சை சாதம். நான் என் பொரியைத் தின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டு நீட்டினாள். எழுந்திருக்காமலே வாங்கிக்கொண்டேன், கை எட்டியது.