ஜாடியில் குறைந்த லேகியம்

4-7-69, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். தறிக்குழியில் இறங்கினால் வேர்வை. பட்டில் சொட்டாமலிருக்கக் கழுத்தில் துண்டு.

கோமளாவுக்குப் பிள்ளை பிறந்து இன்று பதினெட்டாம் நாள். பகலில் எல்லாம் வாலாஜாபாத்திலிருந்து வந்த என் மாமியார் பாடு. இரவில் தூளி ஆட்டுவது என் பாடு. ஐந்து நாளாகச் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கவில்லை.

வாய் கெட்டுப் போச்சு. தூங்கிய நாளில் மூன்று இட்லி போதும். இன்று ஆறு. பத்து மணிக்கு நான்கு போண்டா, ஒரு ஜிலேபி. வயிறு கல் மாதிரி. அப்படியும் மிட்டாய்க் கடை வாசனைக்குக் கால் தானாக நின்றது.

வாங்க: ஓமம், சாம்பிராணி, விளக்குத் திரி.

6-7-69, ஞாயிறு

எழுதவே கூச்சம். கோ.வின் பிரசவ லேகியத்தைத் தின்றுவிட்டேன்.

அந்தச் சுக்கு நெடியே எனக்கு ஆகாது. பெரியவன் பிறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தவன். இன்று விடியற்காலை ஜாடியைத் திறந்தால் மேலே நெய் மிதக்கிறது. நெல்லிக்காய் அளவு ஒன்று. அப்புறம் விரலாலேயே வழித்தேன். பாதி ஜாடி காலி. பசியே இல்லை!

கம்பவுண்டரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "தூக்கம் கெட்டா அப்பிடித்தான்பா. வவுறு போதும்னும், தலை இன்னும் கொண்டாம்னும். அதுவும் நெய்யி, வெல்லமாத்தான் கேக்கும்" என்றார். கொஞ்சம் ஆறுதல். அரை மணி நேரம்தான்.

7-7-69, திங்கள்

பிள்ளைக்கு வயிற்றால் போகிறது. மாமியார் ஜாடியைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டி, திருட்டுத்தனமா தின்னுக்கினு இருந்தியா? அதான் புள்ளைக்கு இப்பிடிப் போவுது."

"நான் தொடவே இல்லம்மா."

"பின்ன, மாப்ளையா தின்னாரு?"

நான் தறியில்தான் இருந்தேன். தலை நிமிரவில்லை. நாடாவை இழைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு விரற்கடை நெசவு தப்பு. பிரித்தேன்.

கோ.வுக்கு இனி நெய் கிடையாது, பருப்பு கிடையாது. ஒரு வேளைதான் சோறு, அதுவும் மிளகு ரசம் விட்டு ஒரு பிடி. கோழை நான்.

8-7-69, செவ்வாய்

மழை பிடித்தது. பிள்ளைக்குத் தேவலை.

மதியம் கோ. மெல்லக் கூப்பிட்டாள். "பசி தாங்கலங்க. பாலும் சுரக்கல. அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. நான் தின்னலன்னு நீங்களாவது நம்புறீங்க இல்ல?"

"நம்புறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல!

இன்று சொல்லிவிடுவதென்று போய் இலை முன் உட்கார்ந்தேன். "அத்தை, அந்த லேகியம்..."

"அத வுடுங்க மாப்ள. ராவெல்லாம் முழிச்சிக்கினு துரும்பா எளைச்சிட்டீங்க. அவளுக்கு எடுத்து வச்ச நெய்யி சும்மாதான் கெடக்குது." சுடுசோற்றில் மூன்று கரண்டி ஊற்றினார்.

கோ. உள்ளே படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.